வி.ஆர். கன்ட்ரோலரின் பிடியும் உணர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வி.ஆர். (மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் தொழில்நுட்பம்) விளையாட்டு மையம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன். வருகிறவர்களுக்குக் கண்ணை மறைக்கும் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, இரண்டு கையிலும் ஆட்டத்தை இயக்கும் கன்ட்ரோலரைக் கொடுத்து, ஸ்ட்ராப்பைச் சரிசெய்வதிலேயே பாதி நாள் போய்விடும். ஆட்டம் முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியதும் பலரும் முதலில் கையைத்தான் உதறுவார்கள். திரை எவ்வளவு தெளிவு, லென்ஸ் என்ன வகை என்று துருவித் துருவிக் கேட்டு வாங்குகிறவர்கள்கூட, மணிக்கணக்கில் கையில் இருக்கப்போகும் பொருளைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

கன்ட்ரோலர் லேசாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் கை கடுக்கிறது?

எடைதான் காரணம் என்றால் கணக்கு ஒத்துவராது. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டோடு வரும் கன்ட்ரோலர் பேட்டரி இல்லாமல் 103 கிராம். பேட்டரி போட்டாலும் ஒரு டம்ளர் காபியைவிட எடை குறைவு. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுகிறோம், கை கடுப்பதில்லை.

கடுப்பது இறுக்கிப் பிடிப்பதால்தான். விரலை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்கின்றன. பிடி இறுகியே இருந்தால் அவை ஓய்வே இல்லாமல் வேலை செய்கின்றன. வி.ஆரில் கண் பார்ப்பது இரும்பு வாளை, கயிற்றை, மலை விளிம்பை. கையில் இருப்பது பிளாஸ்டிக் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் விரல்கள் கண் சொல்வதையே கேட்கும். மலையேறும் விளையாட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம். நடுவிரலுக்கு அடியில் இருக்கும் கிரிப் பட்டனைக் கொஞ்சம் அமுக்கினாலே பாறையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆடுகிறவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் விரல் நுனி வெளுக்கும்வரை நெரிப்பார்.

தோளும் ஒரு காரணம். இரண்டு கையையும் முன்னால் நீட்டியே வைத்திருந்தால், எதையும் பிடிக்காவிட்டாலும் சில நிமிடங்களில் தோள்பட்டை வலிக்கும். கையின் சொந்த எடையே சில கிலோ இருக்கும். முழங்கையை விலாப் பக்கம் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் கையை நீட்டுங்கள்.

சரியான பிடி எது?

விடுமுறை நாள் ஒன்றில் என் அம்மா மையத்துக்கு வந்திருந்தார். பீட் சேபர் போட்டுக் கொடுத்தேன். இசைக்கு ஏற்றபடி பறந்து வரும் கட்டைகளை இரண்டு வாளால் வெட்டும் விளையாட்டு அது. முதல் தடவை ஆடுகிறவர்கள் தோளிலிருந்து வீசுவார்கள், மரம் வெட்டுவது மாதிரி. அம்மா தோசைத்திருப்பியைப் பிடிப்பது போலப் பிடித்தார். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் பக்கவாட்டில், மற்ற மூன்று விரலும் வெறுமனே சுற்றி. வீச்சு முழுக்க மணிக்கட்டிலிருந்து வந்தது. மூன்று பாட்டு ஆடிவிட்டு, “கை ஒண்ணும் வலிக்கலையேடா” என்றார்.

அதைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் அதையே சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். பிடியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பார்த்துக்கொள்ளட்டும். நடுவிரல் கிரிப் பட்டன் மேல் சும்மா இருக்கட்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் கன்ட்ரோலரைத் தொட்டபடி இருந்தால் போதும். ஆட்டத்தின் நடுவே ஒரு தடவை உங்கள் சுண்டு விரலைக் கவனியுங்கள். அது உள்ளங்கையில் அழுந்திக் கிடந்தால் நீங்கள் தேவைக்கு மேல் இறுக்குகிறீர்கள்.

பீட் சேபரில் வேகமாக ஆடுகிறவர்கள் கன்ட்ரோலரை வேறு விதமாகவும் பிடிப்பார்கள். நகம் மாதிரி விரல்களை வளைத்து மேலிருந்து பிடிப்பதும், சில கன்ட்ரோலரில் இருக்கும் வளையத்தையே பிடித்துக்கொள்வதும் உண்டு. எல்லாவற்றிலும் நோக்கம் ஒன்றுதான், மணிக்கட்டுக்கு இடம் விடுவது.

பிடியைத் தளர்த்தினால் கன்ட்ரோலர் பறந்துவிடாதா?

பயம் நியாயமானது. வி.ஆருக்கு முன்பே நடந்த கதை இது. 2006 நவம்பரில், ரிமோட்டைக் கையில் வீசி ஆடும் நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவி வெளிவந்தது. வீசிய வேகத்தில் மணிக்கட்டுக் கயிறு அறுந்து ரிமோட் டி.வி.யில் போய் மோதுவதாகப் புகார்கள் வந்தன. அடுத்த மாதமே சுமார் 32 லட்சம் கயிறுகளைத் தடிப்பாக மாற்றித் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது.

மணிக்கட்டுக் கயிறு கன்ட்ரோலரைத் தரையில் விழாமல் காக்கும். அவ்வளவுதான். அதை நம்பி யாரும் பிடியைத் தளர்த்துவதில்லை, ஏனென்றால் விட்டால் கன்ட்ரோலர் கையை விட்டுப் போய்க் கயிற்றில் தொங்கும். பிடியைத் தளர்த்த வைப்பது புறங்கையைச் சுற்றி வரும் ஸ்ட்ராப். 2019 ஜூனில் வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட்டோடு வந்த கன்ட்ரோலர் முழுக்க இந்த யோசனையில் பிறந்தது. அதை இன்றும் ‘நக்கிள்ஸ்’ என்றே பலர் சொல்கிறார்கள். கையை உள்ளே நுழைத்து, கயிற்றை இழுத்து இறுக்கினால், ஐந்து விரலையும் விரித்தாலும் அது உள்ளங்கையோடு ஒட்டியே இருக்கும். ஒரு கன்ட்ரோலரில் 87 சென்சார்கள். எந்த விரல் மடங்கியிருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும். ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ விளையாட்டில் ஒரு காலி டின்னை எடுத்து நெரித்தால் அது நசுங்கும். கையை முழுசாக விரித்தால் கீழே விழும். பொருளைக் கீழே போட நிஜமாகவே கையை விரிக்கலாம் என்பதை முதல் தடவை உணரும்போது முகத்தில் வரும் சிரிப்பை நூறு பேரிடமாவது பார்த்திருப்பேன்.

இத்தனைக்கும் அது 196 கிராம், குவெஸ்ட் 3 கன்ட்ரோலரைவிட நன்றாகவே கனம். ஆனால் இரண்டு மணி நேரம் ஆடியவர்கள் கையை உதறியது அதில்தான் குறைவு. கன்ட்ரோலரின் சுகத்துக்கு எடை அளவுகோல் இல்லை, விரல்களுக்கு ஓய்வு கிடைக்கிறதா என்பதே அளவுகோல் என்று நான் நம்பத் தொடங்கியது அங்கேதான்.

குவெஸ்ட் வைத்திருக்கிறவர்களும் புறங்கை ஸ்ட்ராப் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஹெட்செட்டுக்கு அடுத்து செலவு செய்ய எது நல்லது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இறுக்கும் அளவுக்கு ஒரு சோதனை: ஸ்ட்ராப்பைப் போட்டு, விரல்களை விரித்து, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி கையை லேசாகக் குலுக்குங்கள். கன்ட்ரோலர் ஆடலாம், நழுவக் கூடாது. புறங்கையில் நரம்பு புடைத்தால் ரொம்ப இறுக்கிவிட்டீர்கள்.

இதெல்லாம் இருந்தாலும் மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றாதீர்கள். அப்புறம் ஒன்று, நம் வீடுகளில் தலைக்கு மேலே மின்விசிறி இருக்கும். ஆடும் இடத்தின் எல்லையைத் தரையில் வரைகிறோம், கூரையை மறந்துவிடுகிறோம். விசிறியை நிறுத்திவிட்டு, அது இல்லாத பக்கம் நின்று ஆடுங்கள். காற்று வேண்டுமென்றால் டேபிள் ஃபேன் போதும்.

எடை அளவுகோல் இல்லையென்றால், சில கன்ட்ரோலர் மட்டும் ஏன் கனமாகத் தெரிகிறது?

எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். சுத்தியலின் பிடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், பிறகு தலைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அதே சுத்தியல்தான், ஆனால் மணிக்கட்டுக்கு வித்தியாசம் தெரியும்.

2016 ஏப்ரலில் எச்.டி.சி. வைவ் ஹெட்செட் வந்தபோது அதன் கன்ட்ரோலர் நீளமான கோல் மாதிரி, முனையில் பெரிய வளையத்தோடு இருந்தது. பிடி கீழே, தலை மேலே. ஓவியம் தீட்டவும் கோல்ஃப் மட்டையாகப் பிடிக்கவும் அருமை, வேகமாகத் திருப்ப அருமை இல்லை. அதே வருடம் டிசம்பரில் ஆக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டுக்காக வந்த ஆக்குலஸ் டச் கன்ட்ரோலரில் கனம் உள்ளங்கைக்குள்ளேயே அடங்கியது. எனக்கு இன்றும் மிகப் பிடித்த பிடி அதுதான். கட்டைவிரல் சாய்ந்துகொள்ள இடம், விரல் முட்டியைச் சுற்றி வளைந்து வரும் வளையம், கையோடு பிறந்தது போன்ற வளைவு.

அந்த வளையம் எதற்கு? புதிய கன்ட்ரோலரில் ஏன் இல்லை?

கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிய வேண்டும். டச் வளையத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் உண்டு, கேமரா அவற்றைப் பார்த்து இடத்தைக் கணக்கிடும். முதல் டச்சுக்கு கேமரா மேசைமேல் இருந்தது, அதனால் வளையம் விரல்களுக்கு முன்னால் கீழ்ப்பக்கம் வளைந்தது. 2019 மே மாதம் வந்த குவெஸ்ட், ரிஃப்ட் எஸ் இரண்டிலும் கேமரா ஹெட்செட்டிலேயே வந்துவிட்டது. மேலேயிருந்து பார்க்கும் கேமராவுக்காக வளையமும் கட்டைவிரலுக்கு மேலே ஏறியது. ஏறியதும் கனமும் ஏறியது, இரண்டு கையும் அருகே வந்தால் வளையங்கள் ‘டக்’ என்று முட்டிக்கொள்ளவும் ஆரம்பித்தன. துப்பாக்கியில் தோட்டா போடும்போது பலருக்கு இது நடக்கும்.

2023 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3 வளையத்தை எடுத்துவிட்டது. விளக்குகள் கன்ட்ரோலரின் உடலிலேயே பதிந்திருக்கின்றன, கேமரா கையையும் சேர்த்துப் பார்த்து இடத்தை ஊகிக்கிறது. கைக்கு இது பெரிய விடுதலை. ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் கேமராவுக்குத் தெரியாது. 2022-இல் வந்த குவெஸ்ட் ப்ரோவின் கன்ட்ரோலரில் அந்தக் குறை இல்லை. ஒவ்வொன்றிலும் மூன்று கேமராவும் ஒரு சிப்பும் வைத்து, அது தானே தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. விலையும் எடையும் அதற்கேற்ப அதிகம்.

அதிர்வு சிலவற்றில் இயல்பாகவும் சிலவற்றில் வெறும் ‘உர்ர்ர்’ என்றும் இருப்பது ஏன்?

உள்ளே இருக்கும் மோட்டார் வேறு வேறு. பழைய வகையில் சிறிய மோட்டாரின் அச்சில் ஒருபக்கம் கனமான எடை மாட்டியிருக்கும். அது சுற்றும்போது முழுக் கன்ட்ரோலரும் உதறும். சுற்றத் தொடங்கவும் நேரம் பிடிக்கும், நிற்கவும் நேரம் பிடிக்கும். அதனால் எதைத் தொட்டாலும் ஒரே மாதிரி உறுமும்.

அடுத்த வகையில் எடை சுற்றாது. ஸ்பிரிங்கில் தொங்கியபடி முன்னும் பின்னும் ஆடும். சட்டென்று ஆரம்பித்துச் சட்டென்று நிற்பதால் ஒரு சின்ன ‘டிக்’ கூடத் தனியாகத் தெரியும். ஆனால் தனக்கு இயல்பான ஒரு வேகத்தில்தான் அது நன்றாக அதிரும். மூன்றாவது வகை ஒலிபெருக்கிக்குள் இருக்கும் சுருள் மாதிரி வேலை செய்கிறது. மெதுவான அதிர்வும் வேகமான அதிர்வும் அதில் வரும். குவெஸ்ட் ப்ரோ, குவெஸ்ட் 3 கன்ட்ரோலர்களில் இருப்பது இந்த வகை. ப்ரோவில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் தனித்தனியாகச் சிறிய அதிர்வுக் கருவிகளும் உண்டு.

2023 பிப்ரவரியில் வந்த பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 இன்னொரு வழியைச் சேர்த்தது. ஆள்காட்டி விரலால் இழுக்கும் ட்ரிகரே எதிர்த்துத் தள்ளும். வில்லின் நாணை இழுக்க இழுக்க விரலில் பாரம் ஏறுகிறது, விட்டதும் காணாமல் போகிறது. நிஜமான வில்லில் வரும் பாரத்தில் இது சின்னப் பங்குதான். ஆனால் சரியான நேரத்தில் சரியான விரலில் வருவதால் மனம் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

மோட்டார் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. விளையாட்டைச் செய்தவர் எங்கே, எவ்வளவு என்று யோசித்திருக்க வேண்டும். பீட் சேபரில் கட்டையை வெட்டும் அந்த நொடியில் ஒரு குறுகிய துடிப்பு வரும். இரண்டு வாளும் உரசினால் வேறு மாதிரி நடுக்கம். அமைப்பில் (செட்டிங்ஸ்) போய் அதிர்வை அணைத்துவிட்டு ஒரு பாட்டு ஆடிப் பாருங்கள், காற்றை வெட்டுவது மாதிரி இருக்கும். கை மரத்துப்போகிறது என்கிறவர்கள் அதிர்வை முழுசாக அணைக்காமல் பாதியாகக் குறைத்தாலே போதும்.

எந்த பேட்டரி போடலாம்? அதனால் கைக்கு வித்தியாசம் உண்டா?

உண்டு, நினைப்பதைவிட அதிகம். குவெஸ்ட் கன்ட்ரோலருக்கு ஒரு ஏஏ பேட்டரி. கடையில் கிடைக்கும் அல்கலைன் சுமார் 23 கிராம். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை அதைவிடச் சில கிராம் அதிகம். ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் சுமார் 15 கிராம். நூறு கிராம் பொருளில் பத்துப் பன்னிரண்டு கிராம் வித்தியாசம் என்றால் கை கண்டுபிடித்துவிடும். 2017-இல் வந்த விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்களின் கன்ட்ரோலர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேட்டரி, அவற்றைப் பிடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

தினமும் ஆடுகிறவர்களுக்கு நிக்கல் வகைதான் சிக்கனம். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட், அல்கலைனுக்கு 1.5. அதனால் முழு சார்ஜ் போட்டாலும் திரையில் சதவீதம் குறைவாகக் காட்டலாம். பேட்டரி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். 1.5 வோல்ட்டிலேயே நிற்கும், சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் வகையில் இதற்கு நேர்மாறு, கடைசிவரை நிறைய இருப்பதாகக் காட்டிவிட்டுத் திடீரென்று அணையும். எதுவானாலும் இரண்டு கன்ட்ரோலரிலும் ஒரே வகை போடுங்கள். ஒரு கை கனமாகவும் ஒரு கை லேசாகவும் இருந்தால் ஏனென்று தெரியாமலே அசௌகரியமாக இருக்கும்.

துப்பாக்கியை நேராகப் பிடித்தாலும் அது வானத்தைப் பார்க்கிறதே?

கோணம்தான் காரணம். ஒவ்வொரு கன்ட்ரோலரின் பிடியும் ஒவ்வொரு சாய்வில் இருக்கும். வைவ் கோலுக்காகச் செய்த விளையாட்டை டச்சில் ஆடினால் துப்பாக்கி மேலேயோ கீழேயோ பார்க்கும். நாம் அதை நேராக்க மணிக்கட்டை மடக்குவோம், அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். 2019-இல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பான க்ரோனோஸ் குழு வெளியிட்ட ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற பொது விதிமுறையில், கை எப்படிப் பிடித்திருக்கிறது என்பதையும் எதை நோக்கிக் குறிபார்க்கிறது என்பதையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். அதன்பின் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

பல விளையாட்டுகளில் கன்ட்ரோலர் கோணத்தை மாற்றும் அமைப்பு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, சிரமமில்லாமல் நேராகச் சுட்டுவது போலக் கையை வையுங்கள். கண்ணைத் திறங்கள். துப்பாக்கி எவ்வளவு தள்ளிப் பார்க்கிறதோ அந்த அளவுக்கு அமைப்பை மாற்றுங்கள். மணிக்கட்டை மாற்றாதீர்கள்.

சின்னக் கைகளுக்கும் குழந்தைகளுக்கும் எது ஒத்துவரும்?

கட்டைவிரல், அதனால் சாய்த்து ஆளை நகர்த்தும் சிறு குச்சியான தம்ப்ஸ்டிக்கைத் தாண்டி மேல் பட்டன்வரை பிடியை மாற்றாமல் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை நகரும். இண்டெக்ஸில் சின்னக் கைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதைப் பார்த்திருக்கிறேன். கைக்கேற்ப ஸ்ட்ராப்பின் மேல்முனையை நகர்த்த அதில் வசதி உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை, அதை மாற்றியதும் பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். வளையமில்லாத குவெஸ்ட் 3 வகை சின்னக் கைகளுக்கு நல்ல பொருத்தம். குழந்தைகளைப் பொறுத்தவரை, மெட்டா பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது. கையைவிடக் கண்ணுக்கும் கழுத்துக்கும்தான் அதில் யோசிக்க வேண்டியது அதிகம்.

இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனி கன்ட்ரோலர் வேண்டுமா?

வேண்டாம். இரண்டு கைக்கும் ஒன்று என்று ஜோடியாகத்தான் வருகிறது. விளையாட்டின் அமைப்பில் முதன்மைக் கையை மாற்றிக்கொண்டால் போதும்.

தம்ப்ஸ்டிக்கைத் தொடாமலே ஆள் நகர்ந்துகொண்டே இருக்கிறார். என்ன செய்வது?

உள்ளே உரசும் பாகம் தேய்ந்திருக்கும், அல்லது தூசி போயிருக்கும். முதலில் அமைப்பில் ‘டெட்சோன்’ என்பதைக் கொஞ்சம் கூட்டுங்கள், மையத்துக்கு அருகே வரும் சின்ன அசைவுகளை அது கண்டுகொள்ளாது. அதிலும் அடங்கவில்லை என்றால் தம்ப்ஸ்டிக்கை மாற்ற வேண்டியதுதான். கட்டைவிரலால் அமுக்கித் திருகும் பழக்கம் இருந்தால் சீக்கிரம் தேயும். இதுவும் இறுக்கத்தின் இன்னொரு முகம்.

கை வியர்த்து வழுக்குகிறது.

சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஏ.சி. இல்லாமல் ஆடினால் பத்து நிமிடத்தில் இது நடக்கும். சிலிகோன் உறை பிடிமானம் தரும், ஆனால் அதற்குள்ளேயே வியர்வை தங்கும். ஆட்டம் முடிந்ததும் உறையைக் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். துணி அல்லது செயற்கைத் தோல் பட்டை வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் நாறும். நான் போடுவது சிலிகோன் உறைதான். கன்ட்ரோலரை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தண்ணீரையோ திரவத்தையோ நேராகத் தெளிக்காதீர்கள். நாள் கணக்கில் ஆடாமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

வலி எந்த அளவுக்கு வந்தால் கவலைப்பட வேண்டும்?

தோளும் முன்கையும் அசதியாக இருந்தால் உடற்பயிற்சி செய்த அசதி மாதிரிதான், மறுநாள் போய்விடும். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை சுள்ளென்று வலித்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ ஆட்டத்தை நிறுத்துங்கள். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘பழகிவிடும்’ என்று ஆடிக்கொண்டே போகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கட்டைவிரல் இல்லாமல் சட்டை பட்டன்கூடப் போட முடியாது.

கன்ட்ரோலரே இல்லாமல் வெறும் கையால் ஆடுவது சுகமில்லையா?

2019 டிசம்பரிலிருந்து குவெஸ்டில் வெறும் கையைப் பயன்படுத்தலாம். 2024 பிப்ரவரியில் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ கன்ட்ரோலரே இல்லாமல்தான் வந்தது. கண்ணால் பார்த்து இரண்டு விரலைச் சேர்த்தால் போதும், கை மடியிலேயே கிடக்கலாம். படம் பார்க்க, பக்கம் புரட்ட இதைவிடச் சுகம் இல்லை.

விளையாட்டு என்று வரும்போது கை எதையாவது பற்றிக்கொள்ளக் கேட்கிறது. வாளைப் பிடித்தால் விரல்கள் உள்ளங்கையில்தான் போய் முட்டுகின்றன. பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்று விரலுக்குத் தெரியாமல் கண் போய்ச் சரிபார்க்கிறது. அந்த விஷன் ப்ரோவே 2025-இல் பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 கன்ட்ரோலரை ஏற்றுக்கொண்டது.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது?

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பட்டனாகக் கட்டைவிரலால் தேடுங்கள். தேடும்போது உள்ளங்கை நகர்ந்தால் அது உங்கள் அளவு இல்லை. ட்ரிகரை இருபது தடவை வேகமாக இழுங்கள், மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றனவா என்று கவனியுங்கள். வளையம் இருந்தால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவது போல வைத்துப் பாருங்கள், எங்கே முட்டுகிறது என்று தெரியும். கடைசியாக, கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக் கடைக்காரரோடு ஒரு நிமிடம் பேசுங்கள். பேச்சு முடியும்போது கன்ட்ரோலர் கையில் இருப்பது உங்களுக்கு மறந்துபோயிருந்தால், அதையே பில் போடச் சொல்லுங்கள்.